மணல் எழுதும் எழுத்து

மாத்தளையிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் ஏ9 பெருஞ்சாலை, எழுத்தோடும் கல்லோடும் நெடுங்காலத் தொடர்புடையது. நகரை விட்டு நீங்கியதும் அலுவிகாரை தோன்றும். அதுகாறும் வாய்மொழியாகவே ஓதிக் காத்துவந்த திரிபிடகத்தைப் பிக்குகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கிருந்தே ஏட்டில் எழுதினர் என்பது மரபு. மேலும் வடக்கே சென்றால் நாலந்தாக் கெடிகே என்னும் கற்கோயிலைக் காணலாம். பல்லவர் கட்டடக்கலையின் சாயலும் பௌத்த சமயச் சார்பும் ஒருங்கே அமைந்த கட்டடம் அது. 1970இல் தொடங்கிய மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, அக்கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி நீர்மட்டத்துக்கு மேலே மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். அதனைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால், எலஹெரவுக்குச் சாலை பிரியும் சிறுநகரம் நாவுல.

நாவுல போன்ற ஓர் ஊரில், பிரதேச செயலகம் முதல் வைத்தியசாலை வரை பொதுப் பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் நிற்க வேண்டியவை. அவற்றுள் பல வண்ணப் பூச்சினாலோ ஒட்டும் வினைல் தாளினாலோ ஆனவை; வெயிலும் மழையும் சில ஆண்டுகளில் அவற்றை மங்கச் செய்துவிடும். ஆனால் தலைமுறைகள் கடந்து நிற்க வேண்டுமென்று கருதப்படும் எழுத்துகளும் உண்டு. கட்டடத் திறப்புவிழாவின் கல், ஆலயத் திருப்பணிக்கு உதவியோரின் பெயர்க் கல், பாடசாலை வாயிற் கல், மறைந்தோரின் நினைவுக் கல் ஆகியவற்றைக் கருங்கல்லிலேயே பொறிப்பது வழக்கம். முன்னாளில் அதற்கு உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. இந்நாளில் அவ்வேலையின் பெரும்பகுதியை மணல்வீச்சு என்னும் முறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதில் எங்கே விழிப்புத் தேவை என்பதைத் தமிழ் மக்கள் அறிந்திருப்பது நன்று. ஏனெனில் அந்தக் கற்களில் அவர்களுடைய மொழியும் இடம்பெறுகிறது.

மணலை வேகமாக வீசிக் கடினமான பொருளைச் செதுக்கலாம் என்பதைத் தொழில்முறையாக்கியவர், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் டில்க்மன். 1870ஆம் ஆண்டில் அவர் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அழுத்தமிக்க காற்றோ நீராவியோ மணற்பரல்களைச் சுமந்து, குறுகிய குழாய் வாயினின்று பாயச் செய்வதே அவர் கண்ட வழி. அந்தப் பாய்ச்சலின் முன் கண்ணாடி மங்கியது, இரும்பின் துரு உதிர்ந்தது, கல் குழிந்தது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கருங்கல்லைக் குழிக்கும் அதே மணல், மெல்லிய இறப்பர்த் தாளை ஒன்றும் செய்வதில்லை. கடினமானது தேய, மென்மையானது தப்பிக்கிறது. காரணம் எளியது. கருங்கல் உறுதியானது, ஆயினும் வளைந்து கொடுக்காதது. மணற்பரல் மோதும்போது, மோதலின் விசை முழுவதும் ஊசிமுனை போன்ற ஓரிடத்தில் குவிகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்குத் தெறித்து விழுகிறது. கணந்தோறும் இவ்வாறு எண்ணிறந்த துணுக்குகள் தெறிக்கக் கல் குழிகிறது. இறப்பரோ மோதலை உள்வாங்கிச் சற்றே அமிழ்ந்து, பிறகு மணலைத் திருப்பி எறிந்துவிடுகிறது. பெருவெள்ளத்தில் மரம் சாய, நாணல் தலை வணங்கிப் பிழைப்பதைப் போன்றது இது. ஆகவே கல்லின்மேல் இறப்பர்த் தாளை ஒட்டி, எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு மணலை வீசினால், திறந்த இடம் குழியும். மூடிய இடம் பளபளப்பு மாறாமல் இருக்கும். தாளை உரித்தெடுத்தால் எழுத்துத் தோன்றும். இலங்கைக்கு இறப்பர் மரம் 1876இல் வந்தது. அதன் நாற்றுகளைக் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நட்டார்கள். அந்த மரம் தந்த பொருள் இப்படிக் கல்லெழுத்துக்குக் காவலாகவும் அமைந்தது.

இவ்வாறு வெட்டிய தாளுக்கு ஸ்டென்சில் என்று பெயர். இச்சொல் தமிழ் நேயர்களுக்குப் புதிதன்று. ரோனியோ இயந்திரத்தில் வினாத்தாள் அச்சிட்ட நாள்களில் பாடசாலைகள் பயன்படுத்திய மெழுகுத்தாள் ஒரு ஸ்டென்சில். மலையகத்துத் தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரைப் பதித்த துளைத்தகடும் ஒரு ஸ்டென்சில். ஆனால் துளைத்தகட்டில் ஒரு குறை உண்டு. 'வ', 'ல', 'ன' போன்ற எழுத்துகளின் சுழிக்குள்ளே ஒரு சிறு வெளி இருக்கிறது. தகட்டில் எழுத்தின் கோட்டை வெட்டியதும், சுழியின் நடுவிலுள்ள துண்டு பற்றுக்கோடின்றிக் கீழே விழுந்துவிடும். அதைத் தாங்குவதற்குக் குறுக்கே சிறு பாலங்களை விட்டுவைக்க வேண்டும். அப்பாலங்கள் எழுத்தைத் துண்டுதுண்டாக்கிக் காட்டும். ஒட்டும் இறப்பர்த் தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுத்துண்டு கல்லிலேயே ஒட்டி நிற்கும், பாலம் வேண்டியதில்லை. சுழிகள் நிறைந்த தமிழுக்கும் சிங்களத்துக்கும் இது பெரியதோர் உதவி.

தொடக்கத்தில் இந்தத் தாளைக் கையாலேயே வெட்டினார்கள். தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் உருவை அதன்மேல் வரைந்து, கூரிய கத்தியால் கோட்டின் வழியே கீறுவார்கள். ஒரு கல்லுக்கு ஒரு நாள் என்றாலும் பொறுக்கலாம். ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்தால் என் செய்வது? அத்தகைய நிலை ஒன்று அமெரிக்காவில் நேர்ந்தது. வாஷிங்டன் நகரில் 1982ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வியட்நாம் போர் நினைவுச்சுவரைத் திறந்து வைத்தார்கள். அதன் கருங்கல் தென்னிந்தியாவில் பெங்களூர்ப் பகுதியிலிருந்து சென்றது. வேர்மொண்ட் மாநிலத்தில் அதை அறுத்து மெருகேற்றினார்கள். மெம்பிஸ் நகரில் பெயர்களைப் பொறித்தார்கள். ஏறத்தாழ 58,000 பெயர்கள். எழுத்தின் உயரம் அரை அங்குலம். கத்தியால் வெட்டி முடியாத அந்த வேலைக்கு, ஒளிப்படக் கலையின் துணையால் ஸ்டென்சில் ஆக்கும் முறையைக் கையாண்டு, அதன் வழியே மணல்வீச்சு நடத்தினார்கள். வேலை விரைந்து முடிந்தது. ஆனால் பெயர்ப்பட்டியலில் இருந்த பிழைகளும் கல்லில் ஏறிவிட்டன. போரில் இறவாமல் உயிரோடு திரும்பிய சிலரின் பெயர்களும் இறந்தோர் வரிசையில் பொறிக்கப்பட்டன. கல்லிலிருந்து அவற்றை எடுக்க வழியில்லை. இன்றும் அவை அங்கேயே இருக்கின்றன. ஸ்டென்சில் தன் முன் வைத்ததையே கல்லுக்குக் கொடுக்கும். சரியா பிழையா என்று அது கேட்பதில்லை.

இதே காலத்தில்தான் பெயர்ப்பலகைத் தொழிலுக்குக் கணினி வந்து சேர்ந்தது. வியன்னாவில் பிறந்து, நாசிகளின் கொடுமையினின்று தப்பி அமெரிக்காவில் குடியேறிய யோசப் கெர்பர் என்பவரின் நிறுவனம், 1983இல், கணினியின் கட்டளைப்படி வினைல் தாளில் எழுத்து வெட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறியியலாளரின் வரைபடங்களைப் பேனாவால் வரைந்துகொண்டிருந்த பிளொட்டர் என்னும் கருவியின் உறவினமே இது. பேனா இருந்த இடத்தில் சிறு கத்தி அமர்ந்தது. உருளை தாளை முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி இடமும் வலமும் ஓட, இரண்டு அசைவும் சேர்ந்து எழுத்தின் வளைவாகின்றன. இன்று சிறு நகரங்களின் பெயர்ப்பலகைக் கடைகளிலும் இக்கருவியைக் காணலாம். கடைக்குள் ஏற்கெனவே இருக்கும் இதே கருவியால் கல்லுக்குரிய ஸ்டென்சிலையும் வெட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. வெட்டலாம், ஆனால் சில நுணுக்கங்களை அறிந்தாக வேண்டும்.

முதலாவது, தாளின் தடிப்பு. பலகைகளில் ஒட்டும் வினைல் தாள் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கினும் மெலிந்தது. மணலைத் தாங்கும் தாளோ அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்புடையது. மெல்லிய வினைல் தாளைக் கண்ணாடியில் மங்கல் எழுத்து வேண்டும்போது பயன்படுத்தலாம். கல்லின்முன் அது சில கணங்களில் கிழிந்துபோகும். தடித்த இறப்பரை வெட்டக் கத்தியின்மேல் மிகுந்த அழுத்தம் தேவை. சாதாரணத் தாளுக்கு 100 கிராம் அளவு அழுத்தம் போதுமானால், இறப்பர்த் தாளுக்கு 300, 400 கிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். சிறிய இயந்திரங்கள் சிலவற்றால் அவ்வளவு அழுத்தம் தர இயலாது. அவற்றைக்கொண்டு மிகத் தடித்த தாளை வெட்ட முயல்வது கருவிக்கும் கேடு, எழுத்துக்கும் கேடு.

இரண்டாவது, கத்தி. வினைல் தாளுக்கு 45 பாகைச் சாய்வுள்ள முனை போதும். தடித்த தாளுக்கு 60 பாகையளவு செங்குத்தான முனை ஏற்றது. அம்முனை, தன்னைத் தாங்கும் தண்டின் நேர் நடுவில் இருப்பதில்லை. கால் அல்லது அரை மில்லிமீற்றர் பின்தள்ளி இருக்கும். தள்ளுவண்டியின் முன்சில்லு, வண்டி திரும்பும் பக்கமெல்லாம் தானே திரும்பிப் பின்தொடர்வது போல, கத்தியும் கோட்டைத் தொடர்ந்து திரும்புகிறது. இந்த இடைவெளி எவ்வளவு என்பதைக் கணினிக்குச் சரியாகத் தெரிவிக்காவிட்டால், கூர்மையான மூலைகள் மழுங்கும்; வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னர், தாளின் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் வெட்டிப் பார்ப்பது தேர்ந்த தொழிலாளரின் வழக்கம். சதுரத்தின் மூலை கூர்மையாகவும், வட்டம் முழுமையாகவும், அடித்தாள் அறுபடாமலும் இருந்தால் அமைப்புச் சரி என்று பொருள். அடித்தாளும் சேர்ந்து அறுபட்டால் அழுத்தம் மிகுதி. இறப்பரின் அடியில் மெல்லிய படலம் அறுபடாமல் நின்றால் அழுத்தம் குறைவு.

மூன்றாவது, பொறுமை. இறப்பர் கத்தியைப் பற்றி இழுக்கும் இயல்புடையது. விரைவாக வெட்டினால் தாள் நெளியும், வளைவு கோணும். எனவே வேகத்தைக் குறைத்து, ஒரே அழுத்தத்தில் முழு ஆழத்தையும் வெட்ட முயலாமல், ஒரே கோட்டின்மேல் இரு முறை ஓட்டுவது நல்லது. இரண்டாம் முறை கத்தி முதற் கோட்டிலேயே விழ வேண்டுமானால், தாள் உருளையின் அடியில் மயிரிழையும் வழுக்கக் கூடாது.

வெட்டி முடிந்ததும், பயிர் நடுவே களை பிடுங்குவது போல, எழுத்துப் பகுதியிலுள்ள துண்டுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு மேலே ஒட்டுநாடாவைப் பரப்பி, அடித்தாளை உரித்து, முழுவதையும் கல்லின்மேல் பதித்து அழுத்த வேண்டும். கல்லில் தூசியோ ஈரமோ எண்ணெயோ இருத்தல் ஆகாது. பசை பிடிக்காத இடத்தில் காற்று நுழைந்து தாளைத் தூக்கிவிடும். எஞ்சிய கற்பரப்பையும் விளிம்பையும் மூடிய பின்னரே மணலை வீசலாம். கல்லுக்குச் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 இறாத்தல் வரையிலான காற்றழுத்தம் பொதுவாகப் பொருந்தும். குழாயைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, ஓரிடத்திலே நிறுத்தாமல் சீராக அசைத்து வந்தால் எழுத்தின் ஆழம் ஒன்றுபோல் அமையும். தாளை உரிப்பதற்கு முன்பே குழிந்த இடத்தில் வண்ணமும் பூசிக்கொள்ளலாம். மணலைத் தடுத்த தாள் வண்ணத்தையும் தடுக்கும்.

இவ்வளவும் எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென்று தனியே ஓர் இடர் உண்டு, அது புள்ளி. பழங்காலத்து ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துக்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். படிப்பவர் இடமறிந்து கூட்டிப் படித்தார். இன்றைய வாசகருக்கு அந்தப் பழக்கம் இல்லை. புள்ளி போனால் சொல் போயிற்று. ஸ்டென்சில் தொழிலிலோ மிக எளிதில் தொலைவது புள்ளியே. எழுத்தைக் குழிவாகப் பொறிக்கும்போது, ஒவ்வொரு புள்ளியையும் தேடிக் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளுபவர் தமிழ் படிக்கத் தெரியாதவராயின், ஒரு புள்ளி எடுபடாமல் நின்றதை அறியமாட்டார். மணல் அங்கே இறங்காது. கல்லில் புள்ளி இராது. எழுத்தை மேடாக நிறுத்திச் சுற்றுப்புறத்தைக் குழிக்கும்போதோ, புள்ளி என்பது தனித்து நிற்கும் இறப்பர்த் துணுக்கு. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள அத்துணுக்கு, காற்றின் வேகத்தில் பெயர்ந்து பறந்துவிடும். அப்போதும் கல்லில் புள்ளி இராது. எவ்வழியிலும் இழப்புத் தமிழுக்கே. 'கல்வி' என்னும் சொல்லில் அந்த ஒரு புள்ளி உதிர்ந்தால், எஞ்சுவது எந்தப் பாடசாலை வாயிலிலும் பொறிக்கத் தகாத சொல்லாகிவிடும்.

இன்னோர் இடர் கணினியிலேயே தோன்றுகிறது. இலங்கையில் நெடுங்காலம் பயின்ற பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழ்ச் சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் உண்டு. ஆயினும் பழைய வெட்டு மென்பொருள்கள் சில, யுனிகோட்டுத் தமிழின் கொம்பை எழுத்துக்கு முன்னே வைக்காமல் பின்னே வைத்துவிடுகின்றன. காலும் கொம்பும் தத்தம் இடம் மாறி நிற்கின்றன. தமிழ் அறியாத கண்ணுக்கு அது பிழையாகவே தோன்றாது. ஆகவே தமிழ் எழுத்து சரியாகத் தோன்றும் மென்பொருளில் முதலில் அமைத்து, படித்துச் சரிபார்த்து, பிறகு எழுத்துகளை வெறுங் கோட்டுருவங்களாக மாற்றி வெட்டும் கருவிக்கு அனுப்புவதே பாதுகாப்பான வழி. கோட்டுருவமான பின் கணினி அவற்றைக் குலைக்காது. அதே வேளையில், பிழை இருந்தால் திருத்தவும் எளிதன்று. எனவே சரிபார்த்தல் அதற்கு முன்னரே நிறைவேற வேண்டும்.

சரிபார்க்க வேண்டியது புள்ளியையும் கொம்பையும் மட்டுமன்று. 'அறம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அரம்' என்று எழுதினால், தருமம் இரும்பைத் தேய்க்கும் கருவியாகிவிடும். 'கலைக்கூடம்' 'களைக்கூடம்' ஆனால், கலை வளரும் இடம் களை வளரும் இடமாகும். இத்தகைய பிழைகள் நாட்டின் பொதுப் பலகைகளிலே இடம்பெறுவதும், தமிழ் மக்கள் அவற்றைக் கண்டு வருந்துவதும் புதுமையன்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் இயற்றிய நாடு இது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இவ்வுரிமையைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. இவ்வாறு நீண்ட வழி நடந்து பலகையில் இடம்பெற்ற மொழி, வெட்டுவோரின் கவனக்குறைவால் சிதைந்து நிற்பது உரிமையையே பாதியாக்கிவிடுகிறது. வண்ணப் பலகையானால் ஒரு தூரிகையால் திருத்தலாம். கல்லுக்கு அழிப்பான் இல்லை. பிழைபட்ட கல்லைப் பெயர்த்தெறிந்து புதுக்கல் வைக்க வேண்டும். அல்லது பிழையோடே வாழ வேண்டும்.

மூன்று மொழிகளை ஒரே கல்லில் வைப்பதற்கு இந்நாட்டில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டில் காலி நகரத்து மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த ஒரு பலகையைக் கண்டெடுத்தார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அதில் எழுத்துண்டு. தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தேவுந்துறையில் விளங்கிய தென்னாவர நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. கல்லைச் சீனாவிலேயே பொறித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவ்வாறாயின், தமிழ் வழங்காத தொலைநாட்டில் தமிழறிந்த ஒருவர் உடனிருந்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 600 ஆண்டுகள் கடந்தும் கொழும்புத் தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் அக்கல் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது. கருவி எதுவாயினும், மொழியறிந்த ஒருவரின் கண் வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

எழுத்துப் பிழையினும் கொடிய வேறொரு பிழையும் இத்தொழிலில் நேரக் கூடும். அது மணலின் தூசியால் வருவது. ஆற்றுமணலிலும் கடல்மணலிலும் பெரும்பகுதி சிலிக்கா என்னும் பொருள். வேகமாக வீசிய மணற்பரல் கல்லில் மோதி உடைந்து, காற்றில் மிதக்கும் நுண்தூசியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கினும் சிறிய தூசி தடையின்றி நுரையீரலின் அடிவரை செல்லும். அங்கே உடலின் காவலணுக்கள் அதை விழுங்க முயன்று தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இருமலும் மூச்சிளைப்பும் முதலில் தோன்றும். காசநோய் எளிதில் பற்றும். ஏற்பட்ட தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. பிரித்தானியா 1949ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாலேயே தொழிற்சாலை வார்ப்புகளைத் தூய்மை செய்ய மணல் வீசுவதைத் தடைசெய்தது. துருக்கி நாட்டில் நீலக் காற்சட்டைகளுக்குப் பழமைத் தோற்றம் தருவதற்காக மணல் வீசிய இளந் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையாயினர்; 2009இல் அங்கே அத்தொழில்முறைக்குத் தடை வந்தது. சிலிக்காத் தூசி புற்றுநோயையும் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது.

இதற்கு மாற்று உண்டு. அலுமினியம் ஒட்சைட்டு, சிலிக்கன் கார்பைட்டு, கார்னெட் ஆகிய பரல்கள் மணலின் வேலையைச் செய்யும். முதலிரண்டும் மணலினும் கடினமானவை. ஆனால் பரலை மாற்றியதும் ஆபத்து அகன்றுவிட்டதாகக் கருதக் கூடாது. கருங்கல்லிலேயே சிலிக்கா இருக்கிறது. எந்தப் பரலை வீசினாலும் கல்லின் தூசி எழத்தான் செய்யும். வாயில் கட்டிய கைக்குட்டை இத்தூசியைத் தடுக்காது. தூய காற்றைத் தனிக் குழாயால் வழங்கும் தலைக்கவசமும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய அறையும் தேவை. சிறிய கற்களை மூடிய பெட்டிக்குள் வைத்து, கையுறைகளை மட்டும் உள்ளே நுழைத்து வேலை செய்வது இன்னும் நல்லது. தெருவோரத்தில், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வெறும் முகத்தோடு மணல் வீசும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

இவற்றையெல்லாம் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். உளி பிடித்த சிற்பி ஓர் எழுத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தி, ஐயம் தோன்றினால் கேட்டறிந்து, பிறகு தொடரலாம். மணல்வீச்சிலே அந்த வாய்ப்பு இல்லை. மணல் பாயத் தொடங்குமுன்னரே எல்லாம் முடிவாகிவிடுகிறது. எழுத்தின் செம்மை தாளை வெட்டும்போதே முடிவாகிறது. தொழிலாளரின் நலம் கவசத்தை அணியும்போதே முடிவாகிறது. கல்லில் விழுந்த பிழையும் நுரையீரலில் விழுந்த தழும்பும் பிறகு மாறுவதில்லை. விரைவைத் தரும் கருவி, முன்யோசனையை மும்மடங்காகக் கேட்கிறது.

ஆதலால் கல்லெழுத்து வேண்டுவோர், அவர்கள் ஆலய அறங்காவலராயினும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாராயினும், அரச அலுவலராயினும், விலையைப் பேசுவதோடு நின்றுவிடாமல் இரண்டு பொறுப்புகளை ஏற்பது கடமை. சொற்களைத் தெளிவாகத் தட்டெழுதிக் கொடுத்து, கணினித் திரையில் ஒரு முறையும், வெட்டிய தாளில் ஒரு முறையும், தாளைக் கல்லில் ஒட்டிய பின் ஒரு முறையும் தமிழறிந்த ஒருவரைக் கொண்டு படிப்பிக்க வேண்டும். மூன்றாம் முறை படிக்கும்போது புள்ளிகளை விரல் வைத்து எண்ண வேண்டும். அந்தக் கால்மணி நேரம் நூறாண்டுப் பழியைத் தடுக்கும். மணல் வீசுபவரிடம் தக்க கவசம் உண்டா என்று கேட்டறிவது மற்றது. இல்லையெனில், அது வாங்குவதற்கான செலவையும் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதே முறை. மறைந்தவரின் பெயரை நிலைநிறுத்தும் கல், வாழ்கின்ற ஒருவரின் மூச்சைக் குறைத்து உருவாகக் கூடாது.